கண்டியிலிருந்து டெல்லிக்கு

எங்கள் ஊர் அக்குறணைக்கு ரயில் நிலையம் கிடையாது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதை கட்டுகஸ்தோட்டையோடு எங்களை விட்டு விலகி வத்தேகமைப் பக்கம் போய்விடுகிறது. எங்களுக்கு எந்தக் கோச்சிப் பயணமும் மாத்தளை வீதி பஸ்ஸில்தான் தொடங்கும். அதன் பிறகு எந்த மூலைக்குப் போனாலும் ஓர் இரவுக்குள் முடிந்துவிடும். தீவின் அளவு அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தோடு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால், தூரம் என்பதே புதிதாகத் தெரிகிறது. டெல்லி நிஸாமுத்தீன் தர்காவுக்கும் அஜ்மீர் தர்காவுக்கும் போகிற எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படிப் போவதுண்டு, நானும் போனேன். சுமார் 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும். அந்தப் பகல்தான் பயணம். கண் விழிக்கையில் தெலுங்கு, பல்லார்ஷாவில் மராத்தி, மத்தியானம் தாண்டி நாக்பூர். டீ விற்பவரின் கூவல் மாறிக்கொண்டே வந்தது. டீயின் இனிப்பு மட்டும் குறையவில்லை.

இட்டார்சியைத் தாண்டி நர்மதைப் பாலத்தில் வண்டி ஏறியதும் பெட்டியில் பேச்சு நின்றது. எதிர் பர்த்திலிருந்த வயதான அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து வெளியே எறிந்தார். அது பாலத்தின் இரும்பில் பட்டுத் தெறித்தது. அவர் சளைக்கவில்லை. அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, இரும்புச் சட்டங்கள் கடந்து போகும் வேகத்தைக் கண்ணால் அளந்து, இடைவெளி பார்த்து எறிந்தார். ஆற்றில் விழுந்தது. கும்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு ரொட்டியை நீட்டினார்.

விமானத்தில் போகிறவருக்கு இந்த நாடு இப்படிக் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்தே இது கிடைத்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், கொழும்பு கோட்டையில் ஏறியவர் தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறி, சென்னை எழும்பூரில் இறங்க முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் யுத்தம் அதையும் நிறுத்தியது.

இதே பாதையில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் மலையகத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே பிறந்து, இங்கே கொழுந்து பறித்தவர்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அது ஒப்பாரிக் கோச்சி ஆனது. நான் ஆசையாகப் போன பயணத்தை அவர்கள் கேட்கவேயில்லை. இந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் அவர்களை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

தலைமன்னார் பாதை 2015இல் மீண்டும் திறந்தது. பாம்பனில் புதிய பாலம் 2025இல் வந்தது. முன்பு இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ். இன்று இரண்டு கரையிலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றே, 1,676 மில்லிமீட்டர். நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவு கடல். 2023இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் கண்டிக்காரருக்குக் கிட்டிய வழி தலைமன்னார்தான்: பொல்காவலையில் மாறி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி. கேட்பது பாலமல்ல, ஒரு கப்பல். இரண்டு அரசாங்கங்களும் அதை ஓடவிட்டால், என் பிள்ளைகளைக் கண்டி ஸ்டேஷனிலிருந்தே டெல்லிக்குக் கூட்டிப் போவேன்.