கடைசி இடத்தில் வந்த முன்னோடி

1962-இல் ஸ்டாக்ஹோமில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி. ஆடியவர்கள் 23 பேர். முதலிடம் பாபி ஃபிஷருக்கு; கடைசி இடம் மானுவல் ஆரோன் என்ற தமிழருக்கு. ஆனால் அதே போட்டியில்தான் ஆரோன் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷை வீழ்த்தினார், கிழக்கு ஜெர்மனியின் உல்மானையும் வீழ்த்தினார். எனக்கு அந்தக் கடைசி இடத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஹங்கேரி என்றால் சதுரங்கத்தில் சாமானிய நாடா? உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950-இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்த 27 பேரில், 1870-இல் பிறந்த கேஸா மரோட்சியும் ஒருவர். எதிராளி மூச்சுவிட முடியாதபடி நடுப்பலகையைச் சிப்பாய்களால் இறுக்கும் ஓர் அமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெண்களில் முதல் உலகச் சாம்பியனான வேரா மென்சிக் அவரிடம் பயின்றவர். போர்ட்டிஷுக்குப் பின்னால் இப்படி ஒரு பரம்பரையே நின்றது. ஆரோனுக்குப் பின்னால்? சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம்தான் போகலாம், ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம் என்று நாட்டு விதிகளில் பலரும் ஆடிக்கொண்டிருந்த இந்திய தேசம்.

அவர் பிறந்தது 1935-இல், பர்மாவின் தௌங்கூ நகரில். இதைப் படித்தபோது மனம் நெருங்கிவிட்டது. கடல் தாண்டிய தமிழர்களில் ஒரு பகுதி பர்மாவுக்குப் போனது, ஒரு பகுதி மலாயாவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலாக்காவின் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான் பக்கம் ரப்பர் பயிரானது. அதன் பிறகு தோட்டம் தோட்டமாக லயங்கள் எழுந்தன. நம் தாத்தா பாட்டிகள் பால்வாளியோடு இருட்டில் பெரட்டுக்குப் போனார்கள்.

லயத்து வாசலில் நடந்த ஆட்டம் டாம். சோடா மூடிகள்தான் காய்கள்: ஒருவருக்கு நிமிர்த்தி, ஒருவருக்குக் கவிழ்த்து. பால்மரம் வெட்டிவிட்டு வந்த மாமாக்கள் நாலைந்து நகர்வை முன்கூட்டியே பார்த்து மடக்குவார்கள். அந்தக் கூர்மைக்குப் பட்டம் கொடுக்க யாரும் இருக்கவில்லை. மூளைக்குப் பஞ்சமில்லை, உட்கார ஓர் அறை, நல்ல காய்கள், தவறு எங்கே என்று காட்ட மூத்தவர் ஒருவர், இவைதான் இல்லை.

ஆரோன் செய்த பெரிய காரியம் அங்கேதான். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரர் என்ற பெருமைகளெல்லாம் அவருடையவை. அவற்றோடு நின்றிருந்தால் அவர் பழைய பெயராகிப் போயிருப்பார். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் உருவாக அவர் முன்னின்றார். அங்கே ஆடப் போன பையன்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பின்பு உலகச் சாம்பியனும் ஆனார். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் அதே பட்டத்தை வென்றது, மலாக்காவிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிங்கப்பூரில்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல குடும்பங்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் ஆயர் குரோவுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. டாம் ஆடிய மாமாக்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, கோயில் நிர்வாகத்தாரே, வாரத்தில் ஒரு மாலை ஒரு வகுப்பறையையோ மண்டபத்தையோ திறந்துவிடுங்கள். பத்துப் பலகை வாங்கிப் போடுங்கள். ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். முதல் போட்டியில் நம் பிள்ளை கடைசியாக வந்தால், அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுங்கள்.