ஆளுக்கு ஓர் ஊர்

அக்டோபர் 12, ஞாயிறு

ஹனோய், ஹா லாங், பாங்காக் எல்லாவற்றையும் பயணப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இவருக்கு முகம் வாடிப்போயிற்று. “அவ்வளவு தூரம் போயிட்டு அதையெல்லாம் பார்க்காம வர்றதா?” என்றார். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தால் விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வருவோம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு இப்போதுதான் இருவருமாக வெளிநாடு கிளம்புகிறோம். போகிற இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

“யார் என்ன சொன்னாலும் இருக்கட்டுங்க, உங்களுக்கு என்ன வேணும்?” என்றேன். யோசிக்கவே இல்லை. “ரயில்.”

பொன்மலைப் பணிமனையில் மீட்டர் கேஜ் வண்டிகளில் கை பழகியவர். நம் பக்கம் அந்தப் பாதைகள் ஏறக்குறைய எல்லாம் அகலப்பாதை ஆகிவிட்டன. வியட்நாமிலோ ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகர் வரை 1,726 கிலோமீட்டரும் இன்றைக்கும் மீட்டர் கேஜ். 1936-ல் முடித்த பாதை. போரில் துண்டுபட்டு, 1976-ல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. முழுப் பயணம் என்றால் ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் ஆகும். அது வேண்டாம். ஹுவேயிலிருந்து டா நாங் வரை மட்டும் போதும். சுமார் 100 கிலோமீட்டர்தான். ஹை வான் கணவாயில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே கடல். தெற்கே வரும்போது கடல் இடப்பக்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். ஜன்னல் இருக்கை அவருக்குத்தான்.

அக்டோபர் 16, வியாழன்

எனக்கு மி சோன். டா நாங் பக்கம் மலைகளுக்கு நடுவே சாம் அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். நான்காம் நூற்றாண்டில் தொடங்கி நூற்றாண்டுக் கணக்கில் கட்டியிருக்கிறார்கள். செங்கலுக்கு நடுவே சாந்து கண்ணுக்கே தெரியாதாம். அதில் உயர்ந்த கோபுரத்தை 1969-ல் அமெரிக்கக் குண்டுகள் தரைமட்டமாக்கின. நம் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை பார்த்தபோது, 2020-ல், ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது. புகைப்படத்தில் பார்த்தேன், ஆவுடையோடு அப்படியே முழுசாக. அதை நேரில் பார்க்காமல் எனக்குக் கம்போடியாவின் அங்கோர் வாட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கோரும் உண்டு, மி சோனும் உண்டு என்று சமாதானம் ஆயிற்று.

அக்டோபர் 26, ஞாயிறு

மாதம் முடிவாகிவிட்டது, மாசி. அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகி ஹோய் ஆன் பழைய நகரத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். தையிலோ மாசித் தொடக்கத்திலோ வியட்நாமியரின் தெத் புத்தாண்டு. கடை அடைப்பு, ரயிலில் கூட்டம். அது கழிந்து பௌர்ணமியை ஒட்டிப் போனால், அவர்கள் கணக்கில் மாதத்தின் பதினாலாம் இரவு ஹோய் ஆனில் மின்விளக்கை அணைத்து லாந்தர் ஏற்றுவதைப் பார்க்கலாம். நம் தினசரிக் காலண்டரே போதுமானதாக இருந்தது.

நவம்பர் 1, சனி

டிக்கெட் போட்டாயிற்று. திருச்சி, கோலாலம்பூர், டா நாங். ஹோ சி மின் நகரில் ஓர் இரவு, அங்கே தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில். பிறகு அங்கோருக்காகச் சியம் ரீப், அங்கிருந்தே திரும்புவது. முதலில் போட்ட திட்டப்படி வியட்நாமுக்குள் மறுபடி வந்து ஊர் திரும்புவதாக இருந்தது. அப்படியானால் பலமுறை நுழையும் விசா வேண்டும், 50 டாலர். ஒருமுறை நுழைய 25 போதும். கோலாலம்பூர் வழியை ஒரே டிக்கெட்டாக எடுத்ததால் பெட்டியை நடுவில் வாங்கிப் போட வேண்டியதில்லை.

அங்கோருக்கு மூன்று நாள் சீட்டு, 62 டாலர். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் போகலாம் என்பதால் என் முழங்காலுக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும். கம்போடியாவில் ஓரம் கிழிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஹோய் ஆனில் ஒரு நாளுக்கு நேராக எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இவர் அதில் மார்பிள் மலையை எழுதப் பார்க்கிறார். விடப்போவதில்லை.