இருவகைப் பொறை

தமிழில் ‘பொறுத்தல்’ என்னும் சொல்லுக்குச் சுமையைத் தாங்குதல் என்பதும் பொருள். பிறர் பிழையை மன்னித்தல் என்பதும் பொருள். இவ்விரண்டும் ஒரு சொல்லுள் எங்ஙனம் அடங்கின என்று சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார் வினவுதல் இயல்பு. இவ்வினாவிற்கு ஓர் அமெரிக்க ஓட்டவீரரின் சுயசரிதையில் எனக்கு விடை கிடைத்தது. லூயிஸ் சாம்பரினி என்பார் 1956-இல் வெளியிட்டு, 2003-இல் புதுக்கி எழுதிய அந்நூல், குதிகாலைத் தொடரும் சாத்தான் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடையது.

சாம்பரினி கலிபோர்னியாவில் வளர்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. களவிலும் சண்டையிலும் கழிந்த அவருடைய சிறுபருவத்தை ஓட்டப் பயிற்சியாற் திருத்தியவர் தமையனார் பீட் என்பவர். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓட்டத்தில் அவர் எட்டாமிடமே பெற்றார். எனினும் கடைசிச் சுற்றை ஏறத்தாழ 56 வினாடியில் ஓடி முடித்தார். அப்பொழுது அவருக்கு வயது 19. நம்மிற் பலர்க்கும் அதுவே வயது.

பின்னர்ப் போர் மூண்டது. 1943 மே 27-இல் அவர் சென்ற போர் விமானம் பசிபிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 11 பேருள் மூவரே பிழைத்தனர். அம்மூவருள்ளும் ஒருவர் 33-ஆம் நாள் மிதவையிலேயே உயிர்நீத்தார். மழைநீரைப் பருகியும், அகப்பட்ட பறவையையும் மீனையும் உண்டும் 47 நாள் மிதந்த பின்னர், எஞ்சிய இருவரும் மார்ஷல் தீவுகளின் அருகே ஜப்பானியர் கையிற் சிக்கினர். சிறை முகாமில் வாட்டனபே என்னும் காவலன் அவரை நாள்தோறும் அடித்து இழிவு செய்தான். ஒருநாள் கனத்த மரவுத்தரத்தைத் தலைக்குமேல் ஏந்தி நிற்குமாறு பணித்தான். கைகள் சோர்ந்தும் அவர் அதனைக் கீழே விடவில்லை.

இதுகாறும் கூறியது முதல்வகைப் பொறை. நூல் இங்கு முடிந்திருப்பின் ஒரு வீரன் கதையாகவே நின்றிருக்கும். ஆனால் 1945-இல் விடுதலை பெற்று வீடு திரும்பியவர் விடுதலையின்றி வாழ்ந்தார் என்பதே இந்நூல் மறையாது கூறும் உண்மை. இரவுதோறும் கனவில் வாட்டனபே வந்தான். அவனைக் கொல்லும் எண்ணம் வளர்ந்தது, குடியும் வளர்ந்தது, இல்லறம் முறியுந் தறுவாயிலிருந்தது. உத்தரத்தைத் தாங்கிய கைகளுக்குப் பகையைத் தாங்க வலியில்லை.

1949-இல் மனைவியின் வற்புறுத்தலால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பில்லி கிரஹாம் நடத்திய கூடாரக் கூட்டத்திற்குச் சென்றார். மிதவையில் தாம் கடவுளுக்குச் செய்த பொருத்தனை அங்கே நினைவிற்கு வர, கிறிஸ்துவுக்குத் தம்மை ஒப்புவித்தார். அன்றிரவு முதல் அக்கனவு வரவில்லை என்கிறார். 1950-இல் டோக்கியோவின் சுகாமோ சிறைக்குச் சென்று, அங்கிருந்த பழைய காவலரைக் கண்டு மன்னித்துத் தழுவினார். வாட்டனபே அங்கில்லை. 1998-இல் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி, முன்பு சிறையிருந்த ஊரிலேயே அவர் ஓடியபோதும், அவரைச் சந்திக்க வாட்டனபே இசையவில்லை.

மன்னிப்புக் கேளாதவனை மன்னிப்பது நீதியாகுமோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். இத்தடை எளிதன்று. குற்றத்தை விசாரித்தல் நீதிமன்றத்தின் கடமை. மன்னிப்பு அதனை மறுப்பதன்று. ஆனால் பகைவன் மனந்திரும்பும்வரை காத்திருப்போமாயின், நம் உள்ளத்தின் திறவுகோலை அவன் கையிலேயே கொடுத்தவராவோம். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது, தம்மை அறைந்தவருள் எவரும் மன்னிப்புக் கேட்டாரல்லர். ஆயினும் அவர்களுக்காகப் பிதாவை வேண்டினார்.

தாங்குதலும் மன்னித்தலும் ஒரு சொல்லாய் நிற்பதன் பொருத்தம் இதுவே. இரண்டும் பாரமுடையன, முன்னதற்கு உடல்வலி துணையாகும், பின்னதற்குக் கிருபையே துணை. ஓட்டக்களத்தில் பரிசை நாடும் நண்பர்களும், களத்தின் ஓரம் நின்று காணும் என்போன்றாரும் இந்நூலை ஒருமுறையேனும் கற்பாராக.