கார்ப் பிரியர்களின் அரட்டை

பழைய கார்ப் பிரியர்களின் பேச்சு எந்தக் காரில் தொடங்கினாலும் வீட்டு விஷயத்தில்தான் போய் நிற்கும். சென்னைக்காரர்கள் கூடினால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வராமல் இருக்காது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் மெட்ராஸில் அந்தப் பெயரில் தயாரித்தார்கள். அதன் பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். எஞ்சின் மொத்தமும் கைக்கு எட்டும். மெக்கானிக்குகளுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பழைய அம்பாசிடரில் கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் முன்னாலும் ஒரே நீள சீட். அதில் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள், யார் மடியில் யார் என்று தொடங்கும் கதை கல்யாணம், சீர்வரிசை, நள்ளிரவுப் பிரசவம் என்று எங்கெங்கோ போகும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பல வீடுகளுக்கு முதல் கார். ஆகவே அதன் 796 சிசி எஞ்சினைப் பற்றிய ஆராய்ச்சி சீக்கிரமே மாதத் தவணைக் கணக்காகிவிடும். இந்த இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மைலேஜ் பேச்சு வரும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. சொந்தக்காரர் சொல்லும் கணக்கில் லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரைக் கழித்துக்கொள்வது நல்லது.