பெண்மக்கள் துணி வாங்கும் விஷயம்

பெண்மக்கள் துணிக்கடைக்குப் புறப்பட்டால் பொழுது போவது தெரியாதென்றும், ஐம்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வேண்டாமென்று எழுந்து வந்துவிடுவார்களென்றும் ஆடவர் கூடுமிடங்களில் சொல்லிச் சிரிப்பது வெகுநாளைய வழக்கம். நமது தோட்டத்து ஆபீசிலும் சம்பளம் போட்ட மறுநாள் இந்தச் சிரிப்புக் கேளாமலிருப்பதில்லை. சிரிக்கிறவர்களில் பெரும்பாலோர் தம் கால்சட்டையைத் தாமே வாங்கியறியாதவர்கள். மனைவிமார் வாங்கி வந்து கொடுத்ததை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள். துணியைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியுமென்று நாம் அவர்களைக் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கு ஆபீசில் வேலை நடவாது.

நாம் கணக்கெழுதிப் பிழைக்கிறவர்களாதலால் இதையும் கணக்காகவே பார்ப்போம். 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமுலுக்கு வந்த உத்தரவின்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. 26 வேலை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிச் சொச்சம் வருகிறது. ஆகவே, பினாங்கு மார்க்கெட் தெருவில் 200 வெள்ளிக்கு ஒரு சேலை எடுக்கும் தோட்டத்துப் பெண், தன்னுடைய மூன்று நாள் உழைப்பை எடுத்துக் கடைக்காரர் முன்னே வைக்கிறாள். மூன்று நாள் வெயிலில் நின்று சம்பாதித்ததை ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் அது குற்றமா? 1920-களின் பிற்பகுதியில் பால்மரக்காட்டில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி என்றிருந்தது. அந்த 40 காசுக்காரிகள் துணியை விரலால் கசக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்து இழை ஒன்றை உருவிப் பார்த்து வாங்கிய பழக்கந்தான் பேத்திமார் கையில் இன்றும் இருக்கிறது.

பினாங்குக்கும் துணிக்கும் உள்ள உறவு புதிதன்று. 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கும்பினியார் பெயரால் கைக்கொண்டு ஜார்ஜ் டவுனை நிறுவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சோழமண்டலக் கரைத்துணி இக்கடல்களில் போய்க்கொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பெலிக்காட் வேறெதுவுமன்று; சென்னைக்கு வடக்கேயுள்ள நமது பழவேற்காடுதான். அவர்கள் கடையைக் ‘கெடாய்’ என்பதும் நம் சொல்லே. துணியோடு சொல்லையும் விற்றுவிட்டு வந்திருக்கிறோம்!

இப்போது மார்க்கெட் தெருவில் சேலையும் பஞ்சாபி சூட்டும், சௌராஸ்தா சந்தையில் கெபாயாவும் பாத்திக்கும், கர்னி கடற்கரைப் பக்கத்துக் குளிர்சாதனக் கடைகளில் ஓடவும் குதிக்கவும் தக்க ஒட்டுத் துணிகளும் கிடைக்கின்றன. கெபாயாவை 2024-ம் ஆண்டில் யுனெஸ்கோ சபையார் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். மலேசியாவோடு இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய நாடுகளும் சேர்ந்து கேட்டன. சண்டையின்றி ஐந்து அயல்நாடுகள் ஒரு ரவிக்கையைப் பங்கிட்டுக்கொண்டது மெச்சத்தக்கதே.

ஒரே உடை பல காரியத்திற்கு உதவுவதாகக் கடைகளில் விளம்பரம் செய்கிறார்கள். ஆபீசுக்கும் ஆகுமாம், விருந்துக்கும் ஆகுமாம். நமது லயத்துப் பாட்டிமார் இதைக் கேட்டால் நகைப்பார்கள். அவர்களிடமிருந்த ஒற்றைக் கைலி குளிக்கும்போது மாரில் கட்டும் துணி, இரவில் போர்வை, உத்தரத்தில் தொங்கவிட்டால் பிள்ளைக்குத் தூளி, சுருட்டித் தலையில் வைத்தால் சும்மாடு, விரித்தால் அரிசி மூட்டை, கிழிந்தபின் அடுப்புத் துணி. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அந்தக் கைலியும் கிடைக்காமல் கோணிச்சாக்கை உடுத்தியவர்கள் தோட்டங்களில் அநேகர். அக்காலத்தைக் கண்ட கிழவிகள் பெட்டிக்குள் பத்துச் சேலை வைத்துக்கொண்டும் பழையதையே கட்டுவது ஏனென்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். கிழவிகள் பதில் சொல்லமாட்டார்கள்.

நிற்க. நாம் சொல்ல வந்த முக்கிய விஷயம் வேறு. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் பினாங்குக் கடைகளெல்லாம் பெண்களுக்கான துணிகளால் நிரம்பியிருக்கையில், பெண்கள் வருஷத்தில் முந்நூறு நாள் உடுத்தும் உடுப்பை மட்டும் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் காணோம். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள், உரம் போடுகிறவள், முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கிறவள் எதை உடுத்துகிறாள்? புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, பள்ளிக்கூடத்தை விட்ட மகனுடைய விளையாட்டுக் கால்சட்டை, தலையில் ஒரு துண்டு. விளையாட்டு உடுப்பென்று நகரத்தார் 150 வெள்ளிக்கு வாங்குவதை அவள் ஓசியில் உடுத்துகிறாள் என்று வேடிக்கை பேசலாம். நமக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை.

நாம் முன்னர் வேலை செய்த ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்குக் கம்பெனியார் காலணி கொடுத்தார்கள். கொடுத்தது மெய்தான். எல்லாம் ஆண்களின் ஒன்பதாம் நம்பர்! ஐந்தாம் நம்பர்க் காலையுடைய பெண்கள் உள்ளே பழந்துணியைத் திணித்துக்கொண்டு மேடு பள்ளத்தில் நடந்தார்கள். மருந்து சிந்தினால் அந்தப் பழந்துணி அதை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுதும் பாதத்தோடு ஒட்டிக் கிடக்கும். மேலங்கியோ முழங்காலுக்குக் கீழே தொங்கித் தடுக்கிற்று. கையுறையோ விரலில் நில்லாமல் கழன்றது. ஆகையால் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்கையால் அடித்தார்கள். உடுப்புக் கொடுத்தும் போடமாட்டேனென்கிறார்களென்று மண்டோர் எழுதிக் கொடுத்ததை நாமே பதிவேட்டில் ஏற்ற நேர்ந்தது. பெண் அளவில் கேட்டு நாம் மூன்று முறை அனுப்பிய சீட்டுக்குப் பதில் வரவில்லை. பாராக்குவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020-ம் ஆண்டு ஜனவரி முதல் இந்நாட்டில் தடுக்கப்பட்டது நன்றே. ஆனால் தொட்டியில் இப்போது ஊற்றப்படுவது பன்னீர் அன்று. தொழிலாளரின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பென்று 1994-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. சட்டத்திற்குக் கால் அளவு தெரியாது போலும்.

பெண்கள் கால்சட்டை அணிவது நம் மரபுக்கு ஒவ்வாதென்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நகரத்தில் இருக்கிறார்கள். களைக்காட்டில் அணிந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கோவில் வாசலில் அணிந்தால் மட்டும் மரபு நினைவுக்கு வந்துவிடும். எந்த மரபென்று கேட்கிறோம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைக்க வேண்டியே பல்லாண்டு போராடி அடிபட்டு, கடைசியாக 1859-ம் ஆண்டு ஜூலையில் அரசர் உத்தரவு பெற்றார்களே. அதிலுங்கூட மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாதென்று நிபந்தனை இருந்ததே. அதுவும் மரபென்றுதான் சொல்லப்பட்டது. மறைத்தாலும் குற்றம், மறைக்காவிட்டாலும் குற்றம்!

இம்மலாய் நாட்டிலேயே வேறொரு மரபும் உண்டு. 1943-ம் ஆண்டில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கி, அக்டோபர் 22-ந் தேதி சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாமைத் திறந்து வைத்தபோது, டாக்டர் லட்சுமியின் தலைமையில் அங்கு நின்றவர்களில் பால்மரத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர். சேலையை மடித்து வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி பிடித்தார்கள். பின்னாளில் மேல்சபை அங்கத்தினராயிருந்த ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாரும் அப்படையினரே. அப்போரின் அரசியலைப்பற்றி வாசகர்கள் எவ்வித அபிப்பிராயமும் கொள்ளலாம். கால்சட்டை போட்டதனால் அவர்களில் எவரும் தமிழச்சி அல்லாமற் போய்விடவில்லை.

சென்ற ஆண்டில் நமது தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓர் அம்மாளின் மகளுக்கு இங்கிலாந்தில் தாதி வேலை கிடைத்தது. குளிர்கோட்டு வேண்டுமென்று, தாயும் மகளும் நம் இல்லாளும் நாமுமாகப் படகேறிப் பினாங்குக்குச் சென்றோம். பெரிய கடையில் கோட்டின் விலை 600 வெள்ளி. தாய் ஒன்றும் பேசாமல் கையை விலக்கிக்கொண்டாள். ஒன்பது நாளைய கூலியல்லவா? பிறகு பழைய துணி விற்கும் பண்டல் கடை ஒன்றில், ஜப்பானிலிருந்து வந்த குவியலில், கருநீலக் கம்பளிக்கோட்டு ஒன்று 45 வெள்ளிக்கு அகப்பட்டது. நாம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பனியைப்பற்றி எத்தனையோ பாட்டு நெட்டுருப் போட்டவர்கள். ஆயினும் நல்ல கம்பளி எது, கலப்பு எது என்று கண்டது அந்த அம்மாளின் விரல்தான். தையலை உட்புறம் திருப்பிப் பார்த்தாள். பித்தானை இழுத்துப் பார்த்தாள். அக்குளில் முகர்ந்து பார்த்தாள். மலிவாயிருக்கிறதென்று மகள் எடுத்த புது மெல்லங்கி ஒன்றைத் தையல் சரியில்லையென்று திருப்பி வைக்கச் செய்தாள். மலிவுக்கும் ஒரு கணக்குண்டு: 2013-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி டாக்காவுக்கருகில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், உலகக் கடைகளுக்கு மலிவுச் சட்டை தைத்த பெண்களே அவர்களில் பெரும்பாலோர்.

கோட்டின் பைகளுக்குள் ஒவ்வொன்றாய்க் கையைவிட்டுப் பார்த்த அம்மாள், “வெளியே ரெண்டு, உள்ளே ரெண்டு, நாலு பை இருக்கே, ஐயா! நம்ம சட்டையிலே ஒண்ணுகூட இல்லியே” என்றாள். மெய்யே. ரவிக்கையில் பையில்லை, பஞ்சாபி சூட்டிலும் பெரும்பாலும் இல்லை, கடையில் விற்கும் பெண்களுடைய கால்சட்டையில் பைபோல் தைத்திருப்பதும் இரண்டு விரலுக்குமேல் நுழையாது. ஆகையால் பெண்ணின் காசு முந்தானை முடிச்சிலோ புருஷனுடைய சட்டையிலோதான் தங்க வேண்டியிருக்கிறது. புருஷனுடைய சட்டைக்குள் போன காசு கள்ளுக்கடைக்கு வழி தெரிந்த காசு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் அம்மாள் ஒரு தையற்காரர் கடையில் நின்றாள். தன் அளவுக்கும் தன்னோடு மருந்தடிக்கும் ஐந்து பெண்கள் அளவுக்கும் முழுக்கைச் சட்டை ஆறு தைக்கக் கூலி கேட்டாள். ஐந்து பேருடைய அளவையும் நூலில் முடிச்சுப் போட்டு முன்னமே கொண்டு வந்திருந்தாள்! பருத்தித் துணி, கழுத்துவரை பித்தான், மணிக்கட்டில் இறுக்கம், இடுப்பில் இரண்டு ஆழமான பை. பைக்குத் தனியே 3 வெள்ளி ஆகுமென்றார் தையற்காரர். “மூணு வெள்ளிதானே, போடுங்க அண்ணே. கை முழுசா நுழையணும்” என்று தன் கையை மேஜைமேல் விரித்து வைத்தாள், அவரும் அளவு நாடாவை எடுத்து மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனிவரை அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டார்.