பெரகல சந்தியில் கேட்ட சத்தம்

ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் பெரகல சந்தி கலகலப்பாகிவிடும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும். மற்றது அப்புத்தளைக்கு ஏறும். பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வந்து, கடையடியில் நிறுத்தி என்ஜினை ஆறவிடுவார்கள். பெட்டி மாதிரியான பழைய லான்சர், நிசான் சன்னி, போர்ட் லேசர் என்று பல கார்கள். பார்வைக்குச் சாதாரண வீட்டுக் கார்கள்தான். ஸ்டார்ட் பண்ணினால்தான் தெரியும், உள்ளே எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்று.

அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. வன்னியில் இருந்த காலத்தில் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கிப் பழகிய உடம்பு இது. 2009க்குப் பிறகு அம்மாவின் லயத்துக்குத் திரும்பி வந்தும், ஒரு கார் உறுமினால் கையிலிருக்கும் கோப்பை ஆடும். என் மகனோ அதே பங்கருக்குள் தவழ்ந்தவன். அவனுக்கு அந்தச் சத்தம்தான் உயிர். கராஜில் வேலை பழகுகிறான். காரைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து இன்ன கார் என்று சொல்லிவிடுவான்.

மலைநாட்டில் இந்தப் பந்தயங்கள் புதியவை அல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. எங்களுக்குக் கிட்ட என்றால், தியத்தலாவை பொக்ஸ் ஹில். முன்னொரு காலத்தில் 'பொக்ஸ்' என்ற பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள் அந்த மலையில் வெள்ளைக் கற்களால் நரி உருவம் அமைத்ததால் வந்த பெயர் அது.

2024 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே பந்தயம். மகன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அவன் சொல்லாமல் கூட்டாளிமாரோடு போய்விட்டான்.

பின்னேரம் செய்தி வந்தது. ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று சனத்துக்குள் பாய்ந்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், ஓடுபாதையில் கடமையில் இருந்தவர்களும் இருந்தார்கள். மகனுடைய போன் வேலை செய்யவில்லை. பெயர்களுக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யுத்தம் முடிந்தும் நான் மறுபடி அதே வாசலில் அதே மாதிரி நின்றேன்.

இரவாகி வந்து சேர்ந்தான். நான் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பக்கத்தில் இருத்திச் சோறு போட்டேன். அவன் சாப்பிடாமல் அழுதான். வேறொரு வீட்டில் ஒரு தாய் அன்றிரவு யாருக்கும் சோறு போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

சில நாள் போனபின், "இனிப் போகாதே என்று சொன்னால் மறுபடி ஒளித்துத்தான் போவாய். எனக்கு விளங்கப்படுத்து" என்றேன். அவன் தரையில் கோடு கீறிக் காட்டினான். "அம்மா, வேகமாக வாற கார் பிடி விட்டால் வளைவோடு திரும்பாது, நேரே போகும். அதனால வளைவுக்கு வெளிப்பக்கம் நிக்கவே கூடாது. உயரமான இடத்தில, தடுப்புக்குப் பின்னால, தள்ளித்தான் நிக்கணும். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால ஆபத்து, வேகத்தைக் குறைக்கணும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயத்தையே நிறுத்தணும்."

கேட்கக் கேட்க எனக்குப் பழைய நினைவு வந்தது. ஷெல் வரும்போது எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எந்த மரத்தடியில் நிற்கக் கூடாது என்று நாங்களும் படித்தோமே. அந்தப் படிப்பை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இழந்து இழந்துதான் படித்தோம்.

இப்போது எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போவான். தடுப்பு இல்லாத இடத்தில் நிற்க மாட்டான். சனம் முண்டியடித்தால் திரும்பி வந்துவிடுவான். நானும் சந்தியில் கார்கள் நிற்கும்போது காதைப் பொத்துவதில்லை. ஒருநாள் ஒரு பழைய லான்சரின் என்ஜினை மகனோடு சேர்ந்து எட்டிக்கூடப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணியபோது கை ஆடியது. ஆனாலும் நான் ஓடவில்லை.

சகோதரிகளே, எங்கள் பயத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைகளின் ஆசையைப் பூட்டி வைக்க முடியாது. பயந்து பழகிய நாங்கள்தான் ஆபத்து எங்கிருந்து வரும் என்று அறிந்தவர்கள். அந்த அறிவை அவர்களுக்குக் கொடுப்போம். அவர்கள் சொல்வதையும் இருந்து கேட்போம்.