ராணியின் காலணி

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

சென்ற பருவத்தில் ஒரு நாள் பாலூட்டிகளின் தோலுறுப்புகளைப் பற்றிப் பாடம் நடந்தது. நகமும் குளம்பும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை என்றும், குதிரை நிற்பது தன் நடுவிரலின் நுனியில், அந்த விரலின் நகமே அதன் குளம்பு என்றும் பேராசிரியர் அவர்கள் விளக்கினார். பிறகு, "உங்களில் யாராவது குதிரைக் குளம்பை அருகிலிருந்து பார்த்ததுண்டா?" என்று கேட்டார். வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. என் கையும்தான். அன்று விடியற்காலையில் நான்கு குளம்புகளைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் நான் மின்ரயில் ஏறியிருந்தேன்.

கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதியவன் நான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நடவு நாட்களில் நைனா கழனிக்குப் போவதுண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது ராணியால். ராணி ஒரு மட்டக்குதிரை. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம் வட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம் என்று எது நடந்தாலும் ஜரிகைத் துணி போர்த்திக்கொண்டு முன்னால் நடப்பவள் அவள்தான். ஊரில் என்னைக் 'குதிரைக்காரன் மகன்' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெயர் என் பின்னாலேயே இங்கும் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ராணிக்குச் சிறு வயது முதலே லாடம் உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் சந்தைக்குச் சந்தை லாடம் கட்டுகிறவர் உட்கார்ந்திருப்பாராம். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே காலுக்கு இரண்டாக ஒரு மாட்டுக்கு எட்டு லாடம். வண்டி மாடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தபோது அந்தத் தொழிலும் இருந்தது. டிராக்டரும் மினி லாரியும் வந்த பிறகு மாட்டு வண்டி போயிற்று. மாட்டு வண்டியோடு லாடக்காரரும் போய்விட்டார். நைனா நம்பியிருந்த பெரியவர் காலமான பின், வழியில் போன ஒருவரைப் பிடித்து வந்து ராணிக்கு லாடம் அடித்தோம்.

குளம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஓரமாக வெளிறிய ஒரு கோடு ஓடும். ஆணி அதற்கு வெளியே, உணர்ச்சியற்ற சுவரில் இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் நம் நகக்கண்ணில் ஊசி ஏற்றியது போல. அன்று ஓர் ஆணி உள்ளே இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ராணி வலது முன்காலைத் தரையில் ஊன்றவில்லை. முகூர்த்தங்கள் நெருங்கிய மாசி மாதம் அது. அரசு கால்நடை மருந்தகத்து மருத்துவர் வந்து லாடத்தைக் கழற்றிச் சீழை வடித்து, குதிரை இனத்துக்கு ரணஜன்னி எளிதில் வரும் என்று அதற்கும் ஊசி போட்டார். குளம்புச் சுவரெல்லாம் பழைய ஆணித் துளைகளால் உதிர்ந்திருந்ததைப் பார்த்து, "இனி கொஞ்ச காலத்துக்கு ஆணி வேண்டாம். குளம்பு புதிதாக வளரட்டும்" என்றார்.

குளம்பு மாதத்திற்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வளரும். மேல்விளிம்பில் முளைத்தது நுனியை எட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஓராண்டு ராணி நின்றால் நாங்கள் என்ன தின்பது?

காயம் ஆறியபின் வெறுங்காலோடு நடத்திப் பார்த்தோம். ஏரிக்கரை மண்ணில் நன்றாகவே நடந்தாள். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் ரப்பர் போன்ற ஒரு மெத்தை இருக்கிறது. மண்ணில் கால் அழுந்தும்போது அதுவும் அழுந்திக் குளம்புக்குள் இரத்தம் ஓட உதவுகிறது. மெரினா மணலில் மட்டும் நடக்க வேண்டிய குதிரையாக இருந்தால் வேறொன்றும் தேவையிருக்காது. ஆனால் எங்கள் பிழைப்பு சிப்காட் பக்கத்துச் சாலைகளில். ஆலைக்குப் போகும் லாரிகள் உதிர்த்த இரும்புச் சிராய், சரளைக்கல், பங்குனி வெயிலில் இளகிய தார். மண் தரை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் ராணி நின்றுவிட்டாள். நைனா அவளை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. சாலை ஓரத்துப் புல்லில் மெல்ல நடத்தித் திருப்பிக்கொண்டு வந்தார்.

சாக்கையும் பழைய டயர் டியூபையும் வைத்து அவரே ஒரு செருப்பு தைத்தார். அரைக் கிலோமீட்டரில் அது பிய்ந்தது. நான் என் பங்குக்குப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கவலை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல என்று தெரிந்தது. உரோமானியர் இரும்புத் தகட்டில் குளம்புச் செருப்பு செய்து வாரால் கட்டினர். சப்பானியர் வைக்கோலில் பின்னிக் கட்டினர். தேயத் தேய வழியில் மாற்றிக்கொள்வார்களாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன், உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின் மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்கிறார். இதைச் சொன்னதும் நைனா மறுநாளே இரண்டு கூடைக் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் கொட்டிவிட்டார். நம் நாட்டுச் செய்திதான் மனத்தை வருத்தியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரிந்தவர் இங்கில்லை. குதிரை விற்க வந்த வணிகர்களோ வைத்தியமும் லாடமும் அறிந்தவர்களை இங்கே வரவிடுவதில்லை என்றும் எழுதுகிறார். பயணிகளின் பேச்சில் மிகை இருக்கும். ஆனாலும் எங்கள் வீட்டு நிலைமை அதுவே அல்லவா!

இக்காலத்தில் வெளிநாடுகளில் ரப்பராலும் பிளாஸ்டிக்காலும் குளம்புக் காலணி செய்கிறார்கள். ஆணி கிடையாது, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். புதிதாக வாங்க எங்களால் இயலாது. சென்னைப் புறநகரில் குதிரையேற்றம் கற்பிக்கும் ஒருவர், கேட்ட மாத்திரத்தில் மூலையில் கிடந்த இரண்டு பழைய ஜோடிகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று பெரிது, மற்றொன்று சற்றுச் சிறிது.

இங்கேதான் என் தவறு. பெரியது எளிதாக ஏறியதால் அதையே மாட்டினேன். ஆடியது, உள்ளே துணியைத் திணித்தேன். அளந்து பார்க்கத் தோன்றவில்லை. கவரைப்பேட்டை போய்த் திரும்புவதற்குள் காலணி திருகிக்கொண்டு, குதிகாலின் சதை மேட்டில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. நைனா குனிந்து பார்த்தார்.

"ஏன்டா, படிச்ச புள்ள! உன் செருப்புல இப்பிடி துணிய திணிச்சினு காலேஜுக்கு நடப்பியா?"

வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அண்ணன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்தான். அவன் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் கால் ஏழாம் எண். கொடுத்த பாதுகாப்பு பூட்ஸ் ஒன்பது. ராணியின் புண்ணைப் பார்த்தவன் தன் பூட்ஸைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினான். அதே இடம். "இது பேசாது, நானும் பேசல. அவ்ளோதான்டா வித்தியாசம்" என்றான்.

புண் ஆறப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் முறையாகக் கற்றேன். முதலில் குளம்பை அரத்தால் ராவிச் சீர்செய்ய வேண்டும்; வளர்ந்த குளம்பை அளந்தால் அளவு பொய் சொல்லும். பின் காலை ஊன்றவைத்து மிக அகன்ற இடத்தில் குறுக்களவு. காலைத் தூக்கி, நுனியிலிருந்து குதிப்புறத்தில் குளம்புச் சுவர் தரையைத் தொடும் கடைசிப் புள்ளி வரை நீளம். அதற்குப் பின்னாலிருக்கும் சதை மேட்டைச் சேர்க்கக் கூடாது. பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு காலையும் தனியாக அளக்க வேண்டும்.

தையற்கடை டேப்பில் மில்லிமீட்டர் நம்பகமாக வரவில்லை. வெர்னியர் அளவியைக் கேட்டுப் பேராசிரியர் அவர்களிடம் போய் நின்றேன். "எதற்கு?" என்றார். ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு சேர்க்கைப் படிவத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அளவியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "அளவுகளை எழுதி வந்து காட்டு. ராவிய துணுக்கு இருந்தால் அதையும் கொண்டு வா, வகுப்பில் காட்டலாம்" என்றார்.

இடது முன்கால் அகலம் 108, நீளம் 112. வலதில் அகலம் 111. எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது முன்கால்கள் என்பதால் அவற்றுக்கு மட்டும் போட முடிவு செய்தோம். சிறிய ஜோடி இடதுக்குச் சரியாக உட்கார்ந்தது. வலதில் ஏற மறுத்தது. அதன் உட்புறத்தை நைனா இரண்டு நாள் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இடம் செய்தார். மாட்டியபின் கையால் திருகிப் பார்த்தோம், அசையவில்லை. கணுக்காலைச் சுற்றிய பட்டையில் ஒரு விரல் நுழைந்தது. முதல் நாள் கால் மணி நேரம், மறுநாள் அரை மணி. ஒவ்வொரு முறையும் கழற்றித் தோலைத் தடவிப் பார்ப்பது. நடையின் ஓசையைக் கேட்கச் சொன்னார் நைனா. காலணி தளர்ந்திருந்தால் 'பட்பட்' என்று இரண்டு ஓசை, பொருந்தியிருந்தால் ஒன்று. நான் படித்த எதிலும் இது இல்லை.

வைகாசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. குதிரை பூட்ஸ் போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று நைனா முன்னெச்சரிக்கையாகக் காலணியைச் சுற்றி ஜரிகை தைத்திருந்தார். தார்ச்சாலை தொடங்கும் இடம் வந்தது. ராணி தலையைத் தாழ்த்தி முகர்ந்தாள். நைனா கயிற்றைத் தளர்த்தி நின்றார். மேளக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். அவள் காலை வைத்தாள். பிறகு அடுத்த காலை. ஒரே ஓசை.

இரவு வீடு திரும்பியதும் காலணியைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தோம். ஈரத்தோடு விட்டால் குளம்பு அழுகும். இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழில் 'குதிரை வளர்ப்பு' என்று எழுதியிருக்கிறேன். எழுத்தர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

காலணி போட்டு ஐந்து வாரமாகிறது. நேற்று மறுபடி அளந்தோம். வலது முன்காலில் மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. அரத்தை எடுத்து வரச் சொன்னார் நைனா.